1030-இல் நிற்கும் லேசரை நகர்த்துவது எப்படி?

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு லேசர் புதிய சங்கதி இல்லை. சிப்பின் முதுகில் எண் பொறிப்பது லேசர். சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தட்டான வேஃபரைத் துண்டு போடுவதும், எல்.இ.டி.க்கான சஃபையர் தட்டில் கோடு கிழிப்பதும் லேசர்தான். 1972-இல் இங்கே முதன்முதலாக வந்து இறங்கிய எட்டுப் பன்னாட்டு நிறுவனங்களில் ஒன்று எல்.இ.டி. தயாரித்த நிறுவனம். அரை நூற்றாண்டாக இந்தத் தீவில் ஒளியைக் கையாளத் தெரிந்தவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகள் கணிசம்.

என்னிடம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். இயற்பியலுக்கு டியூஷன் படித்துவிட்டு இப்போது அங்கே டெக்னீஷியனாக இருக்கும் ஒரு தம்பி கேட்டான்: "சார், எங்க மெஷின்ல 1030 நானோமீட்டர்தான் வருது. 1300 வேணும்னு பேசிக்கிறாங்க. 1300 லேசர் ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுபோச்சு. இருக்கிறதயே மாத்தணும்னு ஏன் சார் இவ்வளவு கஷ்டப்படுறாங்க?"

அவன் சொன்ன எண்கள் ஒளியின் அலைநீளம், அதாவது அதன் நிறம். இந்தக் கேள்விக்குப் பின்னால் நவீன லேசர் இயற்பியலின் பெரும்பகுதி இருக்கிறது. கடையில் 1300 நானோமீட்டர் லேசர் கிடைக்கும்தான். நம் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையத்தில்கூட அந்தப் பக்கத்து அலைநீளம் ஓடுகிறது. ஆனால் அந்தக் குறைகடத்தி லேசரின் சக்தி மில்லிவாட் கணக்கு. தம்பியின் மெஷினில் இருப்பது வேறு இனம்: மிகக் குறுகிய, மிகத் தீவிரமான துடிப்புகளை விடும் லேசர். அப்படிப்பட்ட துடிப்பைப் பிறப்பிக்கும் பொருள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு பொருளும் தன் அணுக்கள் விதித்த நிறத்தில்தான் ஒளிரும். நமக்கு என்ன வேண்டும் என்று அது கேட்காது.

குறுகிய துடிப்பு என்றால் எவ்வளவு குறுகியது? ஒரு ஃபெம்டோவினாடி என்பது ஒரு வினாடியை ஆயிரம் ஆயிரமாக ஐந்து முறை வகுத்தால் கிடைப்பது. அந்த நேரத்தில் ஒளி 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும். ஆக, 100 ஃபெம்டோவினாடித் துடிப்பின் நீளம் 30 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஒரு மில்லிஜூல் ஆற்றலை அந்த 100 ஃபெம்டோவினாடிக்குள் அடைத்தால் உச்சத்திறன் 10 ஜிகாவாட். மில்லிஜூல் என்பது ஒன்றுமே இல்லாத ஆற்றல். நேரத்தைச் சுருக்கியதால்தான் இத்தனை வலிமை. துடிப்பு போய்ச் சேரும் இடம் சூடாகிச் சுற்றிலும் பரவுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. வெட்டு சுத்தமாக விழுவது அதனால்தான்.

இந்த உலகை நெடுங்காலம் ஆண்டது டைட்டேனியம் சஃபையர் என்ற படிகம். பீட்டர் மோல்டன் 1982-இல் அதை லேசராக்கிக் காட்டினார். அதன் மையம் 800 நானோமீட்டர். டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூருவும் 1985-இல் தந்த வழியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டி, நீட்டியதைப் பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்குவது அந்த வழி. ஆய்வுக்கூட மேசை மீதே மாபெரும் உச்சத்திறன் கைக்கு வந்தது. 2018-இன் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

டைட்டேனியம் சஃபையருக்குப் பச்சை ஒளியை ஊட்ட வேண்டும். 532 நானோமீட்டரில் உள்ளே போவது 800-இல் வெளியே வருவதால் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வெப்பமாகவே படிகத்தில் தங்கிவிடுகிறது. சராசரிச் சக்தியை ஏற்ற ஏற்ற அந்தச் சூடு கழுத்தைப் பிடிக்கும். இட்டர்பியம் என்ற தனிமத்தைக் கொண்டு செய்யும் லேசருக்கு இந்தத் தொல்லை இல்லை. மலிவான டையோடு லேசர் 940 அல்லது 976 நானோமீட்டரில் ஊட்ட, அது 1030-இல் ஒளிரும். வெப்பமாகப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரம் வாட்டைத் தாண்டிய இட்டர்பியம் லேசர்கள் வந்துவிட்டன. தொழிற்சாலைகள் அதையே தழுவிக்கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் விலை ஒன்று உண்டு. இட்டர்பியம் 1030-ஐ விட்டுப் பெரிதாக அசையாது. துடிப்பும் அவ்வளவு குறுகாது. சில நூறு ஃபெம்டோவினாடியிலேயே நின்றுவிடும். ஒரு துடிப்பு குறுக வேண்டுமானால் அதற்குள் பல நிறங்கள் இருந்தாக வேண்டும். 800 நானோமீட்டரில் 10 ஃபெம்டோவினாடித் துடிப்புக்குக் கிட்டத்தட்ட 94 நானோமீட்டர் அகலமான நிறப்பட்டை தேவை. அவ்வளவு அகலத்தை இட்டர்பியம் தராது.

சரி, 1030 போதாதா என்று கேட்கலாம். இங்கிருந்து பார்த்தால் பதில் சிலிக்கானில் இருக்கிறது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட்; அலைநீளமாகச் சொன்னால் ஏறத்தாழ 1107 நானோமீட்டர். 1030-இன் ஒவ்வோர் ஒளியணுவும் (ஃபோட்டான்) 1.20 எலக்ட்ரான் வோல்ட் சுமக்கிறது. எனவே சிலிக்கான் அதை உள்வாங்கிக்கொள்ளும். 1300-க்குப் போனால் சிலிக்கான் ஒளி ஊடுருவும் பொருளாகிவிடுகிறது. வேஃபரின் மேற்பரப்பைத் தொடாமல் அதன் வயிற்றுக்குள் குவித்து வேலை செய்யலாம் என்ற வாய்ப்பு அங்கேதான் திறக்கிறது. வெறும் 270 நானோமீட்டர் தள்ளி நிற்பதில் இவ்வளவு வேறுபாடு.

மருத்துவ ஆய்வாளர்களுக்கு வேறு தேவை. மூளைத் திசுவுக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் அதிகம் விழுங்காத இடங்களான 1300, 1700 நானோமீட்டர்ப் பக்கங்கள் வேண்டும். அணு இயற்பியலாளர்களுக்கு இன்னும் நீண்ட அலை வேண்டும். தீவிரத் துடிப்பை வாயுவில் பாய்ச்சி எக்ஸ் கதிர்ப் பக்கம் வரை உயர் அதிர்வெண் ஒளி எடுக்கிறார்களே, அதில் எட்டக்கூடிய உச்ச ஆற்றலைத் தீர்மானிக்கும் முக்கியக் கூறு அலைநீளத்தின் வர்க்கமாக உயரும். அலைநீளம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. ஆன் லுயிலியே 1987-இல் பிரான்சில் அகச்சிவப்பு லேசரைக் கொண்டு அதைச் செய்தபோது, அதற்கு முன் குறுகிய அலைநீளத்தில் செய்தவர்களைவிட அதிகமான, வலுவான மேலதிர்வுகள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) கிடைத்தன. அந்தப் பாதை 2023-இன் நோபல் பரிசு வரை போனது.

நிறத்தை மாற்றும் வழிகளில் மூத்தது அதிர்வெண்ணை இரட்டிப்பது. லேசர் பிறந்த மறு ஆண்டே, 1961-இல், மிச்சிகனில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் 694.3 நானோமீட்டர் ரூபி லேசரைக் குவார்ட்ஸ் படிகத்தில் விட்டு, சரிபாதி அலைநீளத்தில் மங்கலான புற ஊதாப் புள்ளி ஒன்றை எடுத்தார்கள். அந்தப் புள்ளியைப் படத்தில் விழுந்த அழுக்கு என்று நினைத்து இதழில் நீக்கிவிட்டதாகச் சொல்வார்கள்.

இன்று அது கைக்கெட்டும் வித்தை. உரிய பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சக்தியைக் குறைத்துவைத்து, 1030 கற்றை எங்கே போகிறது என்று அகச்சிவப்பு அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத கற்றை அட்டையில் மட்டும் பொட்டாக ஒளிரும். அதன் வழியில் பேரியம் போரேட் படிகம் ஒன்று. சட்டை பட்டனைவிடச் சிறியது, ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. தாங்கியின் திருகை விரல் நுனியால் மெல்லத் திருப்பினால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது, பிறகு சட்டென்று பின்னால் வைத்த வெள்ளைத் தாளில் பச்சை பூக்கும். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் உச்சம். அதற்கு மேல் போனால் மறுபடி மங்கும். அந்த ஒரே கோணத்தில்தான் 1030-ம் 515-ம் படிகத்துக்குள் சம வேகத்தில் ஓடுகின்றன. அப்போதுதான் படிகத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் பிறக்கும் பச்சை, முன்னே பிறந்த பச்சையோடு கைகோத்துக்கொள்கிறது.

துடிப்பு மிகக் குறுகியதாக இருந்தால் இங்கே சிக்கல் வரும். அலை முகடுகளைச் சம வேகத்தில் ஓடவைத்தாலும் துடிப்புகள் சம வேகத்தில் ஓடுவதில்லை. 800-ஐ 400 ஆக்கும்போது அதே பேரியம் போரேட்டில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 190 ஃபெம்டோவினாடி பின்தங்கல் ஏற்படுகிறது. 30 ஃபெம்டோவினாடித் துடிப்பு வைத்திருப்பவர் படிகத்தை மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சீவ வேண்டும். மெல்லிய படிகத்தில் மாற்றமும் குறைவு. குறுகலா, ஆற்றலா என்று தேர்ந்தெடுக்கும் நெருக்கடி இந்தத் துறையில் எங்கு திரும்பினாலும் எதிரே வந்து நிற்கும்.

இரட்டிப்பதால் நீலத்தின் பக்கம்தான் போக முடியும். 1030-லிருந்து 515, 343, 257. சிவப்பின் பக்கம் போக அளவுருப் பெருக்கி என்ற கருவி இருக்கிறது. அதில் ஒரு பெரிய ஒளியணு இரண்டு சிறியவையாகப் பிரியும். இரண்டின் ஆற்றலையும் கூட்டினால் மூலத்தின் ஆற்றல் வர வேண்டும். 800-ஐ உடைத்து 1300 எடுத்தால் கூடவே 2080 பிறக்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றைக்கும் இதுதான் முதன்மைக் கருவி, அதற்குத் தகுதியும் உண்டு: படிகத்தைத் திருப்பினால் நிறம் மாறும். ஆனால் தம்பியின் 1030-ஐ உடைத்து 1300 எடுக்கப் பாருங்கள். மிச்சப் பங்கு 4960-க்கு அருகே விழுகிறது. பேரியம் போரேட்டுக்கு அந்த அலைநீளம் ஆகாது, விழுங்கிச் சூடாகிவிடும். சரி, முதலில் 515 ஆக்கி, பிறகு உடைத்து 1300-ம் 853-ம் எடுக்கலாம் என்றால் இரண்டு கட்டம், இரண்டு இழப்பு, கூடவே விதை ஒளி தயாரிக்கத் தனி ஏற்பாடு, துடிப்புகள் ஒரே கணத்தில் சந்திக்கத் தாமதக் கட்டுப்பாடு. ஆய்வுக்கூடத்தில் ஒரு முனைவர் மாணவர் காலையில் வந்து இதைச் சரிசெய்துகொள்வார். மூன்று ஷிஃப்ட் ஓடும் தளத்தில் யார் செய்வது?

அதனால்தான் என் ஆர்வமெல்லாம் மூன்றாவது வழியில்: துடிப்பை உடைக்காமல், ஒளியணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல், முழுத் துடிப்பையும் அப்படியே சிவப்புப் பக்கம் நகர்த்துவது. இதன் வேர் நமக்குத் தெரிந்தவரிடம் இருக்கிறது. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928-இல் கல்கத்தாவில் கண்டது இதுதான்: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளி, மூலக்கூறை அதிரவைக்கவோ சுழலவைக்கவோ தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, சற்றே சிவந்து வெளியேறுகிறது. சாதாரண ஒளியில் இது மிக அரிது. 1962-இல் அமெரிக்காவில் உட்பரி, இங் (Ng) ஆகிய இருவரும் ரூபி லேசருக்குள் நைட்ரோபென்சீன் நிரப்பிய குப்பியை வைத்தபோது, எதிர்பாராமல் 767 நானோமீட்டர் அருகே இன்னொரு வலுவான கற்றை கிளம்பியது. தீவிர ஒளியில் இராமன் விளைவு தன்னைத்தானே தூண்டிப் பெருகும் என்று தெரியவந்தது அப்போதுதான். மீத்தேன் நிரப்பிய குழாயில் 1064-ஐ 1543 ஆக்குவதும், ஹைட்ரஜனில் 1907 ஆக்குவதும் பிறகு வழக்கமான உத்திகளாயின. ஆனால் அவை நானோவினாடி லேசர்களின் கதை. அங்கே நிறம் ஒரே தாவலாகத் தாவும். ஃபெம்டோவினாடியில் நடப்பது வேறு.

தீவிர ஒளி தான் செல்லும் ஊடகத்தையே மாற்றிவிடும். ஒளி எங்கே வலுவோ அங்கே ஒளிவிலகல் எண் உயரும், அங்கே ஒளி தாமதிக்கும். துடிப்பின் முன்பாதியில் தீவிரம் ஏறிக்கொண்டே போவதால் அடுத்தடுத்த முகடுகள் கூடக்கூடத் தாமதமாகின்றன. இடைவெளி அகல்கிறது, நிறம் சிவக்கிறது. பின்பாதியில் தீவிரம் இறங்குவதால் முகடுகள் நெருங்குகின்றன, நிறம் நீலமாகிறது. பினாங்குப் பாலத்தில் நம்மைத் தாண்டிப் போகும் ஆம்புலன்சின் சைரன் வரும்போது கீச்சென்றும் போகும்போது தணிந்தும் கேட்பது போன்றதே இது. இங்கே ஓடுவது ஒலிமூலம் அன்று, மாறிக்கொண்டிருப்பது பாதையின் நீளம்.

இப்படி முன்பாதி சிவந்து பின்பாதி நீலமானால் கிடைப்பது அகலம். நகர்வு கிடைக்காது, மையம் இருந்த இடத்திலேயே இருக்கும். நிறப்பட்டையை அகலப்படுத்துவது எளிது, நகர்த்துவதுதான் கடினம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. நகர்த்த வேண்டுமானால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமச்சீரைக் கெடுக்க வேண்டும்.

நைட்ரஜன் அதைக் கெடுக்கிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடாக இருக்கும் அதே நைட்ரஜன்தான். அதன் மூலக்கூறு இரண்டு அணுக்கள் சேர்ந்த நீளமான வடிவம். தீவிர ஒளி வந்தால் ஒளியின் மின்புலத் திசைக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் உடனே திரும்ப முடியாது. எடை இருக்கிறது, நேரம் பிடிக்கும். துடிப்பின் முன்பகுதி உதைத்துவிட்டுப் போகிறது, மூலக்கூறு மெல்லத் திரும்புகிறது, அது திரும்பத் திரும்ப ஒளிவிலகல் எண் ஏறுகிறது. பின்னால் வரும் பகுதி, தன் தீவிரம் இறங்கிக்கொண்டிருந்தாலும், ஏறுகிற எண்ணைத்தான் சந்திக்கிறது. எனவே பின்பகுதியும் சிவக்கிறது. இந்தத் திரும்பலுக்கு ஆகும் நேரம் ஒன்றிரண்டு நூறு ஃபெம்டோவினாடி அளவிலானது. இட்டர்பியம் லேசர் இயல்பாகத் தரும் துடிப்பின் நீளமும் அதே அளவுதான். எதைக் குறை என்று எண்ணினோமோ, அந்த நீண்ட துடிப்பே இங்கே வரமாகிவிடுகிறது. 30 ஃபெம்டோவினாடித் துடிப்பாக இருந்தால் மூலக்கூறு திரும்பத் தொடங்குவதற்குள் அது கடந்தே போயிருக்கும். அதே குழாயில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆர்கான் ஒற்றை அணு, திரும்புவதற்கு அதில் ஒன்றுமில்லை. நிறப்பட்டை இருபுறமும் ஏறக்குறைய சமமாகவே விரியும்.

ஏன் வாயு, ஏன் குழாய்? கண்ணாடி இழையில் இதே போன்ற நகர்வை 1986-லேயே மிட்ஷ்கேயும் மோலினவரும் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அது அருமையாக வேலை செய்கிறது, ஆனால் சிறிய துடிப்புகளுக்கு மட்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2013-இல் அப்படி 1675 நானோமீட்டருக்கு நகர்த்திய துடிப்பைக் கொண்டுதான் எலி மூளையின் ஆழத்தில், புறணிக்கும் கீழே, நரம்பணுக்களைப் படம் எடுத்தார்கள். ஆனால் திறன் சுமார் 4 மெகாவாட்டைத் தாண்டினால் சிலிக்காக் கண்ணாடிக்குள் ஒளி தன்னைத்தானே குவித்துக்கொண்டு கண்ணாடியை உடைத்துவிடும். நம் துடிப்போ 10 ஜிகாவாட். இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். ஆகவே நடுவில் வெறும் துளை மட்டுமே உள்ள, மில்லிமீட்டரின் பகுதி அளவு விட்டம் கொண்ட, மீட்டர் கணக்கில் நீளமான கண்ணாடிக் குழாயில் வாயுவை நிரப்பி அதற்குள் ஒளியை விடுகிறார்கள். 1996-இல் இத்தாலியில் துடிப்பைச் சுருக்குவதற்காக நிசோலி குழுவினர் புகுத்திய உத்தி இது. 2020-இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், கனடாவின் கியூபெக்கில் உள்ள ஐ.என்.ஆர்.எஸ். நிறுவனமும் நைட்ரஜன் நிரப்பிய நீண்ட குழாய்களில் தீவிரத் துடிப்புகள் வெகுவாகச் சிவப்பது மட்டுமின்றி, கூடவே சுருக்கத்தக்கவையாகவும் ஆவதைக் காட்டின. நிறமும் நகர்கிறது, நீளமும் குறைகிறது. ஒரே குழாயில் இரண்டும் கிடைப்பது பெரிய காரியம்.

ஒளியணு எண்ணிக்கை மாறாமல் 1030 முழுதும் 1300 ஆனால், ஆற்றலில் 79 விழுக்காடு மிஞ்சும். மீதி மூலக்கூறின் சுழற்சியாகி வாயுவைச் சூடேற்றும். வினாடிக்கு ஆயிரம் துடிப்பில் அது பொருட்டில்லை. லட்சக்கணக்கில் போனால் முந்தைய துடிப்பு சூடாக்கிய வாயுவுக்குள் அடுத்தது நுழையும். இந்த வழியின் உண்மையான எல்லை அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சமச்சீரைக் கெடுக்க மூலக்கூறை நம்பாத வழியும் வந்திருக்கிறது. துடிப்பையே ரம்பப் பல் வடிவத்தில் அமைத்துவிட்டால் போதும்: மெல்ல ஏறிச் சட்டென விழுவது, அல்லது சட்டென ஏறி மெல்ல இறங்குவது. சரிவு ஒரு பக்கம் மட்டுமே நீண்டிருப்பதால் பெரும்பகுதி ஒளி ஒரே திசையில் நகரும். வடிவத்தைத் திருப்பிப்போட்டால் திசையும் திரும்பும். ஜெர்மனியின் டெசி ஆய்வுக்கூடத்துக் குழுவினர் 75 வாட் லேசரின் 1030-ஐ இப்படி 1060-க்கும் 1000-க்கும் நகர்த்தி 2023-இல் வெளியிட்டார்கள். நீலப் பக்கமும் போக முடிகிறது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. இராமன் வழியில் அது நடக்காது. 30 நானோமீட்டர் சிறிய தூரம்தான். சிலிக்கானுக்கு அது போதாது.

நம் நாட்டில் இந்தப் பக்கத்து வேலை பெரும்பாலும் இழை லேசர்களில் நடக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒளியணுவியல் ஆய்வு மையத்தில் பேராசிரியர் ஹரித் அகமது தலைமையில் 1550 நானோமீட்டர் எர்பியம், 1900-க்கு மேல் தூலியம் இழைகளில் குறுந்துடிப்புகளை எடுக்கும் ஆய்வுகள் ஆண்டுக்கணக்காக வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவை சிறிய ஆற்றல் துடிப்புகள், ஜிகாவாட் உலகம் அன்று. ஆனால் குறுந்துடிப்பை அளக்கவும் கையாளவும் தெரிந்த தலைமுறை ஒன்று அங்கே பயின்றுவருகிறது. கோலாலம்பூரின் அந்தக் கையும் பாயான் லெப்பாஸின் இந்தத் தேவையும் இன்னும் நெருக்கமாகச் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உலகின் சிப் பொதியல், சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காட்டைச் செய்கிற நாட்டுக்கு இது எட்டாத ஆசை இல்லை.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னது 1300-ம் முழுத் தீர்வு இல்லை என்பதை. ஓர் ஒளியணு தனியாகத் தாண்ட முடியாத ஆற்றல் இடைவெளியை, தீவிரத் துடிப்பில் இரண்டு சேர்ந்து தாண்டிவிடும். 1300-இல் சிலிக்கான் ஊடுருவும் பொருள் என்பது மெல்லிய ஒளிக்குத்தான். ஃபெம்டோவினாடித் துடிப்பு குவியும் புள்ளியை எட்டுமுன்பே இரண்டிரண்டாக உறிஞ்சப்பட்டு, வழியெல்லாம் எலக்ட்ரான்களைக் கிளப்பி, அந்த எலக்ட்ரான்களாலேயே சிதறிப்போகும். அதனால் சிலிக்கானுக்குள் எழுத முயல்பவர்கள் துடிப்பை வேண்டுமென்றே பிகோவினாடிக்கு நீட்டிப் பார்க்கிறார்கள், ஒற்றைத் துடிப்புக்குப் பதிலாகத் தொடர் துடிப்புகளைச் செலுத்திப் பார்க்கிறார்கள். இன்னொரு வழி, இரண்டு ஒளியணு சேர்ந்தாலும் 1.12 எலக்ட்ரான் வோல்ட் தேறாத இடத்துக்கே போய்விடுவது. அது ஏறத்தாழ 2200 நானோமீட்டருக்கு அப்பால். 1030-லிருந்து பார்த்தால் இரட்டிப்புக்கும் மேலான தூரம்.